விரல்கள் அறிந்ததும் மனம் அறியாததும்

கணினியில் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரின் விரல் எங்கோ பட்டுவிடுகிறது. ஒரு பத்தி முழுவதும் மறைந்துபோகிறது. 'நான் ஒன்றும் செய்யவில்லையே!' என்கிறார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. விரல் செய்ததை மனம் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஆயினும் செயல் நிகழ்ந்திருக்கிறது. கவனமின்றிச் செய்த செயல் யாருடையது?

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட குனூ ஈமாக்ஸ் என்னும் எழுத்துத் தொகுப்பு மென்பொருளில் இக்கேள்வியை நினைவூட்டும் வசதி ஒன்று உண்டு. கன்ட்ரோல் விசையுடன் 'ஹெச்', பின்னர் 'எல்' என்று அழுத்தினால், கடைசியாக நாம் தட்டிய 300 விசைகள் வரிசையாகத் திரையில் தோன்றும். அவை எந்தக் கட்டளைகளை ஏவின என்பதும் அருகிலேயே காணப்படும். 2022-இல் வந்த 28-ஆம் பதிப்பு முதல் அந்த எண்ணிக்கையை நாமே மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பட்டியலுக்கு 'லாஸேஜ்' என்று பெயர். கணினி வல்லுநர்களின் பேச்சுவழக்கில் அது, ஏதோ பிசகியதால் விளைந்த கேட்டைக் குறிக்கும் சொல்.

ஞாபகமின்மையைச் செயலின்மைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்பதை இப்பட்டியல் கண்முன் காட்டுகிறது. நினைவு முந்தைய அனுபவத்தைச் சார்ந்து நிற்பது. ஆகவே நியாய தரிசனத்தினர் ஸ்மிருதியைப் பிரமை என்னும் மெய்யறிவில் சேர்ப்பதில்லை. அவர்கள் காட்டிய எச்சரிக்கை இங்கும் பொருந்துகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செய்ததை மீட்கும் கட்டளையை ஏவினால் மறைந்த பத்தி திரும்பிவிடும். ஆனால் அழித்த விசை பட்டியலில் அப்படியே இருக்கும். மீட்ட விசையும் அதன் கீழே சேர்ந்துகொள்ளும். விளைவை நீக்கலாம், செய்ததைச் செய்யாததாக்க இயலாது. மன்னிப்புக் கேட்பவரும் மன்னிப்பவரும் அடிக்கடி குழம்புவது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் பட்டியல் முழு உண்மையைச் சொல்லிவிடுகிறதா? இல்லை. மொழிபெயர்ப்பவன் ஒரு வாக்கியத்தை நீக்குகிறான். அது மிகை என்று கருதி நீக்கினானா, மூலம் கடினமாக இருந்ததால் ஓசையின்றி விட்டுவிட்டானா? (இத்தொழிலில் உள்ளோர்க்கு இரண்டாவது எவ்வளவு எளிது என்பது தெரியும்.) விசை ஒன்றே, கட்டளையும் ஒன்றே. நோக்கத்திற்கு அங்கே இடமில்லை, பழக்கத்திற்கும் இல்லை. வைசேஷிகர் ஸம்ஸ்காரத்தை வேகம், பாவனை, ஸ்திதிஸ்தாபகம் என மூவகையாகப் பிரித்து, நினைவுக்கு வித்தாவது பாவனை என்றனர். புதிய விசைகள் வரவரப் பழையவை பட்டியலிலிருந்து நழுவிவிடும். ஆயிரம் முறை செய்து பதிந்த வாசனை அப்படி நழுவுவதில்லை. உண்மையில், கவனமில்லாதபோது விரலை நடத்துவதே அதுதான்.

பதிவில் அபாயமும் உண்டு. முந்தைய பதிப்புகளில், திரையில் காட்டாமல் தட்டிய கடவுச்சொல்லும் அதில் சிக்கிவிடக்கூடியதாக இருந்தது. விசைகளையெல்லாம் ஒரு கோப்பில் தொடர்ந்து எழுதிவைக்கும் மற்றொரு கட்டளையும் ஈமாக்ஸில் இருக்கிறது. கடவுச்சொற்களும் அதில் பதிவாகிவிடலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. தன் பிசகைத் தானே தேடுபவனுக்கு இப்பதிவு விளக்கு. பணியாளர் அறியாமல் அவருடைய விசைகளைப் பிறர் சேகரிக்கும்போதும் பட்டியல் இதே பட்டியல்தான். 'நான் என்ன செய்தேன்?' என்று கேட்டவர் மட்டும் அங்கே இல்லை. ஈமாக்ஸை அமைத்தவர்கள் இவ்வசதியை வைத்திருப்பது உதவிக் கட்டளைகளின் வரிசையில். உரியவர் தாமே அழைத்தாலன்றி அப்பட்டியல் திரைக்கு வருவதில்லை.