அன்பு தரும் உரிமை

கோரி கோல், லோரி ஆன் கோல் தம்பதியர் படைத்த ‘குவெஸ்ட் ஃபார் குளோரி’ என்னும் கணினி விளையாட்டின் இரண்டாம் பாகத்தைச் சியரா நிறுவனம் 1990-இல் வெளியிட்டது. அதன் படங்களில் 16 வண்ணங்களே இருந்தன. முதற்பாகத்தை 1992-இல் 256 வண்ணங்களில் நிறுவனமே புதுப்பித்தது. இரண்டாம் பாகத்தைத் தொடவில்லை. 2008-இல் அக்குறையைத் தீர்த்தவர்கள் இரசிகர்கள். பல்லாண்டு உழைத்ததை விலையின்றி வழங்கினர்.

பிறர் படைப்பில் கைவைக்க அன்பு மட்டும் போதுமா? போதாது என்றே கருதுகிறோம். நல்ல நோக்கம் எல்லாச் செயலையும் நேராக்கிவிடாது. ஸ்பெயினின் போர்ஹா நகர் ஆலயத்தில் முள்முடி தரித்த இயேசுவின் சுவரோவியம் 2012-இல் உருக்குலைந்தது பக்தி மிகுந்த கையால்தானே! (உலகம் சிரித்தது, நமக்கோ அந்த முதிய பெண்மணிமேல் இரக்கமே மிஞ்சியது.)

இதே இரசிகர்கள் 2002-இல் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ இரண்டாம் பாகத்தைப் புதுப்பித்தபோது கதையையே பெரிதும் மாற்றினர். திறமை இருந்தது, ஐயமில்லை. ஆயினும் அது வேறொரு கதையாயிற்று. 2008-இலோ கோல் தம்பதியரின் கதைக்கு அடங்கி நின்றனர். சுட்டியால் ஆடும் வசதியைச் சேர்த்தனர்; உரையாடலில் சொற்களைத் தட்டிக் கேட்கும் பழைய முறையையும் விரும்புவோர்க்கென விட்டுவைத்தனர். அன்புக்கு உரிமை உண்டெனில், அதை ஈட்டித் தந்தது இவ்வடக்கமே.

அக்கதையின் முடிவில், மாண்போடு நடந்த வீரனுக்கு மட்டுமே சிங்க உருவினனான ரக்கீஷ் தன் வாளை அளிக்கிறான். குழுவுக்குப் ‘பெயரிலிகள்’ என்று பொருள்படப் பெயரிட்டுக்கொண்டவர்கள் அந்தக் காட்சிக்கும் வண்ணம் தீட்டினார்கள்.