சினம் தணிந்தபின் நிற்கும் உரிமை

உள்ளத்தைக் கெடுக்கும் தீய குணங்களுள் சினம், தன்னை வைத்திருப்பவனையே முதலில் சுடும் என்பதில் சமயங்களுக்குள் வேற்றுமை இல்லை. ஆனால், அநீதிக்கு உள்ளானவனும் சினத்தை விட்டுவிட்டால் அவனுடைய நியாயத்தைக் கேட்பவர் யார்? இவ்வினாவை ஏட்டளவில் நிறுத்தாமல், எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்த நெட்டுக்குப்பத்தை எண்ணி ஆராய்வோம்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக அம்முகத்துவாரத்தை அடைந்தது. படகுகளிலும் வலைகளிலும் கருமை படிந்தது, தொழில் நின்றது. மீனவர்களே அந்த எண்ணெயை அள்ளவும் நேர்ந்தது. அவர்கள் நெஞ்சில் எழுந்த சினத்தைப் பாவமென்று கூற நாம் துணியமாட்டோம்.

காஞ்சியில் தங்கியிருந்து, பின் அனுராதபுரத்தில் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் 'விசுத்திமக்கம்' இயற்றிய பௌத்த ஆசிரியர் புத்தகோசர், மனப்பயிற்சியின் படிகளை விளக்குகிறார். நல்லெண்ணத்தை முதலில் தன்மீதும், பிறகு மதிப்பிற்குரியோர், அயலார் என்று விரித்து, கடைசியிலேயே பகைவன்மீது செலுத்த வேண்டும். சினம் அப்போதும் அடங்காவிடில், 'நீ சினப்பது அவனுடைய மயிரின் மீதா, நகத்தின் மீதா?' என்று தன்னையே வினவ வேண்டும். பிறரை அடிக்கத் தணலை எடுப்பவனின் கைதான் முதலில் வேகும் என்பதும் அவர் காட்டும் உவமை. அவர் கொள்கை வேறு, நம் ஈமான் வேறு; ஆயினும் அவர் நோயறிந்த வைத்தியர்.

சினம் வந்தால் நிற்பவர் அமரட்டும், அப்போதும் தணியாவிடில் படுக்கட்டும் என்றும், ஒளூச் செய்யட்டும் என்றும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ, 'இஹ்யா'வில் மேலும் ஒன்றைத் தெளிவாக்குகிறார்கள். சினம் மிகுவது நோய். அறவே இல்லாமற் போவதும் குறையே. பழக்கப்பட்ட வேட்டைநாய் போல, அது அறிவுக்கும் ஷரீஅத்துக்கும் கட்டுப்பட்டு நிற்க வேண்டும்.

ஆகவே, அணைக்க வேண்டியது பகைமையை, உரிமையை அன்று. அடியார்களுக்குரிய கடனை, அதற்குரியவர் மன்னிக்கும்வரை தீராத கடன் என்றே நம் மார்க்கச் சட்டம் கொள்கிறது. ஸபுரைப் பாதிக்கப்பட்டவர் தாமே மேற்கொள்ளலாம். தீங்கிழைத்தவர் அதை அவருக்கு உபதேசிக்க உரிமையில்லை. இழப்பைக் கணக்கிடவும், சாட்சிகளைத் திரட்டவும், தீர்ப்பாயத்தின் முன் தளராது நிற்கவும் கொதிக்கும் நெஞ்சைவிடத் தெளிந்த நெஞ்சே உதவும். மனப்பயிற்சி நீதிக்கு மாற்றாகாது. நீதி கேட்டு நெடுங்காலம் நடப்பவருக்கு அது வழித்துணையாகும்.