ஆர்த்த தியானமும் உறங்கா இரவும்

நள்ளிரவு கடந்தும் கண் மூடாது, நடந்து முடிந்த ஒன்றையே நெஞ்சம் திரும்பத் திரும்ப உழுதுகொண்டிருப்பதை நம்மில் அறியாதார் இலர். நமக்கு நெருங்கிய உறவினர் ஒருவர், தம் அன்னையாரை ஒருநாள் முன்னதாக மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கலாமே என்ற ஒரே எண்ணத்தில் ஓராண்டைக் கழித்தார். விளைந்த நெல்லும் பேரக்குழந்தையின் மழலையும் அவர் கருத்தில் படவில்லை. ஆறுதல் கூறச் சென்ற நாம், "எல்லாம் வினைப்பயன்" என்று சொல்லித் திரும்பினோம். எரியும் அடுப்பில் அது மேலும் ஒரு விறகாயிற்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் 9ஆம் அத்தியாயத்தில் தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்லம் என நான்காகப் பகுக்கின்றார். விரும்பாதது வந்து சேர்தல், விரும்பியது பிரிதல், நோய்த்துன்பம், வருங்கால இன்ப வேட்கை என ஆர்த்தமும் நால்வகைப்படும். இவை பற்றி மீண்டும் மீண்டும் நினைவைச் செலுத்துதலே அதன் இலக்கணம். துயரையும் தியானம் என்றது ஏன்? மனம் ஒன்றையே பற்றி நிற்பதால். ஆகவே கவலையில் ஆழ்ந்தோரை மனவலிமை அற்றோர் என இகழ்தல் தகாது. ஒருமுகப்படும் ஆற்றல் அவர்பால் உண்டு. அது நின்ற இடமே தவறு.

உறுதியான உடற்கட்டு வாய்ந்தோர்க்கும் ஒருமுகச் சிந்தை அந்தர்முகூர்த்தத்திற்கு மேல் நில்லாது என்பதும் அந்நூலின் கூற்றே. ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். அவ்வாறாயின், இரவெல்லாம் நீண்ட துயரம் அணைந்து அணைந்து நம்மாலேயே மீண்டும் ஏற்றப்பட்டது எனக் கொள்ளலாம். ஏற்றுதற்கு முன் சிறிது இடைவெளி இருந்தே தீரும்.

அவ்விடைவெளியில் "நினையாதே" என்றால் மனம் கேளாது. பன்னிரு அனுப்பிரேட்சைகளும் திரும்பத் திரும்ப நினைத்தலே. ஆயினும் அநித்தியத்தை எண்ணுவோர் தம் அன்னையை மட்டுமன்றி, பிறந்த அனைத்தையும் எண்ணுகின்றனர். 'நான்', 'என் பிழை' எனும் முளையில் கட்டிய கயிறு தளர்கின்றது. பிழை மெய்யாகவே நேர்ந்திருப்பின் பிரதிக்கிரமணம் உண்டு. பிழையை வாய்விட்டு உரைத்து, காயோத்சர்க்கத்தில் நின்று, பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒன்பது முறை 27 சுவாசங்களில் ஓதுகின்றோம். எண்ணிக்கை நிறைந்ததும் அடுத்த பணிக்குச் சென்றுவிட வேண்டும். கழிவிரக்கத்திற்கும் ஓர் அளவு வைத்த இம்முறையை நாம் வெறும் சடங்காக்கிவிட்டோம்.

ஊணும் உறக்கமும் வாரக்கணக்கில் ஒழியுமாயின், அல்லது உயிரை மாய்க்கும் எண்ணம் தலைகாட்டுமாயின், தாமதியாது மருத்துவரை நாடுதல் வேண்டும். 2022இல் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' உதவிக்கும் 14416 என்னும் எண்ணில் பேசலாம். மனநோய்க்கு மருந்துண்பது நம்பிக்கைக் குறைவு என்பாரும் நம்மிடையே உளர். அவர்களும் காய்ச்சலுக்கு மாத்திரை விழுங்குபவர்களே!

நம் உறவினர் மருத்துவரிடம் சென்றார், மருந்தும் உண்டார். பொழுது சாயுமுன் உணவு முடித்து, முற்றத்தில் 27 சுவாசங்கள் நிற்பதையும் வழக்கமாக்கிக்கொண்டார். சென்ற தை மாதம் அவர் இல்லம் சென்றிருந்தோம். தம் அன்னையார் சுடும் வெல்ல அடையின் பதத்தைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஒருநாளைப் பற்றி அன்று அவர் பேசவில்லை, நாமும் வினவவில்லை.