பேசாத குழந்தையின் சொல்லும் குடும்பத்துக்குச் சேர வேண்டிய துணையும்

மூளை முடக்குவாதம், ஆட்டிசம் போன்ற காரணங்களால் வாய்ப்பேச்சு வராத குழந்தைகள் பலர் வேறு வழிகளில் பேசுகிறார்கள். படப்பலகை, எழுத்து அட்டை, தொட்டால் குரல் எழுப்பும் டேப்லெட், கண்ணசைவால் இயங்கும் கணினி எல்லாம் அவர்களுடைய பேச்சுத்துணைக் கருவிகள். இவற்றைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் மருத்துவத்தோடும் தொழில்நுட்பத்தோடும் முடிந்துவிடுகிறது. அதற்கு அடியில் ஓர் அறக்கேள்வி கிடக்கிறது: ஒரு குழந்தைக்கு மொழியைத் தரும் கடமை பெற்றவர்களுடையது மட்டும்தானா, சுற்றியிருக்கும் சமூகத்துக்கும் அதில் பங்கு உண்டா?

மனிதனை மற்ற உயிர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது பேச்சே என்றார் அரிஸ்டாட்டில். சூழலுக்கேற்பச் சொற்களைக் கோத்துக் கருத்தை வெளியிடுவதே சிந்தனைக்குச் சான்று என்று 1637இல் டெக்கார்ட் எழுதினார். காது கேளாமல், வாய் பேசாமல் பிறந்தவர்கள் தாங்களே சைகைகளை உண்டாக்கிக்கொண்டு கருத்தைத் தெரிவிக்கிறார்கள் என்பதையும் அவர் அதே இடத்தில் குறித்தார். இந்தப் பின்பாதி அதிகம் கவனிக்கப்படவில்லை. குரல் வராத குழந்தைக்கு எண்ணமும் இல்லை என்ற முடிவு வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் உறவினர் கூட்டத்திலும் இன்றும் சத்தமில்லாமல் எடுக்கப்படுகிறது. அது கொடிய தவறு; அதன் முழுச் சுமையும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கேள்வியைச் சமய வழியாகவும் சந்திக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை; பெற்றோர் திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் கிடந்து வேண்டியபின் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது மரபு. பேச்சு வராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போகும் பெற்றோரின் நெஞ்சில் இந்தக் கதை இருக்கிறது. அந்த நம்பிக்கையைப் பழிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வேண்டுதல் பலிக்கும்வரை வேறு வழி எதையும் தொடக்கூடாது என்று காத்திருப்பதில், மொழி வேரூன்ற வேண்டிய ஆண்டுகள் போய்விடுகின்றன. கருவியைக் கையில் கொடுத்தால் பிள்ளை வாய்ப்பேச்சை மறந்துவிடும் என்ற அச்சமும் பரவலானது. 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, நம்பகமான சான்று இருந்த 27 பேரைக் கணக்கில் எடுத்தது. அவர்களில் 89 விழுக்காட்டினருக்கு வாய்ப்பேச்சு கூடியிருந்தது, ஒருவருக்கும் குறையவில்லை. வேண்டுதலும் படப்பலகையும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

நம்மாழ்வார் கதை இன்னும் ஆழமானது. பிறந்தது முதல் வாய் திறவாத பிள்ளையைப் பெற்றோர் திருக்குருகூர்க் கோயிலில் விட, அவர் பதினாறு ஆண்டுகள் புளியமரத்தடியில் மௌனமாக இருந்தார். மதுரகவி வந்து ஒரு கேள்வி கேட்டார், பதில் வந்தது. இந்தக் கதையில் பதிலைப் போலவே கேள்வியும் அரியது. விடை வரும் என்று நம்பி ஒருவர் கேட்டார், காத்திருந்தார். பிறகு அந்தச் சொற்களை ஏந்திக் காப்பதையே தம் வாழ்வாக்கிக்கொண்டார். அதே சமயம், ஞானியின் மௌனத்தையும் குழந்தையின் பேச்சின்மையையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. தட்சிணாமூர்த்தியின் மௌனம் நிறைவிலிருந்து வருவது. தாகம் எடுத்தும் தண்ணீர் கேட்க வழியில்லாத பிள்ளையின் மௌனத்தைப் புனிதமாக்குவது, வினைப்பயன் என்று சொல்லித் தாயைக் கூனிக்குறுக வைப்பதைப் போன்றதே. இரண்டும் பக்கத்தில் இருப்பவர்களைக் கடமையிலிருந்து விடுவித்துவிடுகின்றன.

மொழி எப்படி வந்து சேர்கிறது என்பதைக் கவனித்தால் கடமை யாருடையது என்பது தெளிவாகும். கேட்கும் குழந்தை முதல் சொல்லைச் சொல்லும் முன் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் சுற்றிலும் பேச்சைக் கேட்டு வளர்கிறது. படப்பலகையில் பேச வேண்டிய குழந்தையோ, அந்தப் பலகையால் வேறொருவர் பேசுவதை ஒருமுறைகூடப் பார்த்திருக்காது. ஆகவே பெரியவர்கள் தாங்கள் பேசும்போதே ‘வா’, ‘வேண்டாம்’, ‘இன்னும்’, ‘போதும்’ என்று படங்களைத் தொட்டுத் தொட்டுக் காட்ட வேண்டும் என்று பயிற்றுநர்கள் சொல்கிறார்கள். தமிழில் சிக்கல் இன்னும் கூடுதல். அம்மா, அம்மாவை, அம்மாவிடம், அம்மாவோடு என்று உருபேற்று மாறும் சொற்களுக்கு, ஆங்கிலத்தை மனத்தில் வைத்து அமைத்த கட்டங்கள் எளிதில் இடம் கொடுப்பதில்லை. சமையல், வேலை, பிசியோதெரபி ஆகியவற்றுக்கு இடையில் ஒரு தாய் தனியாகச் செய்து முடிக்கும் காரியமல்ல இது. தாத்தா, அக்கா, ஆசிரியர், வேன் ஓட்டுநர், தெருமுனைக் கடைக்காரர் என ஒரு சிறு ஊரே அந்தப் பலகையைப் படிக்கக் கற்க வேண்டியிருக்கிறது.

சார்ல்ஸ் பிளிஸ் உருவாக்கிய குறியீடுகளின் வரலாறு இதற்குச் சான்று. நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட அவர், சீன எழுத்துகளைக் கண்டு வியந்து, எல்லா நாட்டாருக்கும் புரியும் படமொழி ஒன்றை அமைத்து 1949இல் நூலாக வெளியிட்டார். நாடுகள் எதுவும் அதை ஏற்கவில்லை. 1971இல் டொராண்டோவில் ஷெர்லி மக்நாட்டன் என்ற ஆசிரியரும் உடன் பணியாற்றியவர்களும் மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்கள். குழந்தைகளோடு சேர்ந்து பெரியவர்களும் கற்றதால் அது பேச்சாயிற்று.

அமெரிக்க மெய்யியலாளர் ஈவா ஃபெடர் கிட்டே, கடும் அறிவுத்திறன் குறைபாடுள்ள மகளை வளர்த்தவர். 1999இல் வந்த நூலில் அவர் ஒரு நீதிக் கொள்கையை முன்வைத்தார்: பிறரைப் பராமரிப்பவர் தாமும் பராமரிக்கப்பட வேண்டும். பிள்ளை பெற்றவளைத் தாய்வீடு பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் அவளால் பிள்ளையைப் பார்க்க முடிகிறது. அந்த ஏற்பாட்டைச் சமூகம் முழுவதற்கும் விரித்ததே கிட்டேயின் வாதம். இந்த நோக்கில் குடும்பத்துக்கான உதவியைக் கருணை என்று சொல்ல முடியாது. அது செலுத்த வேண்டிய கடன். ஒருவருக்கொருவர் சமமான பயன் தருவதே நீதி என்று கொண்டால், இந்தக் குடும்பங்கள் என்றைக்கும் கணக்குக்கு வெளியேதான் நிற்கும்.

இந்தக் கடனில் ஒரு பகுதியைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தகவல் தொடர்பு என்பதன் வரையறைக்குள்ளேயே பேச்சுக்குத் துணையான, மாற்றான முறைகளைச் சேர்த்திருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய அறக்கட்டளை, நிராமயா திட்டத்தின் கீழ் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யா சாகர் நிறுவனத்தின் அனுபவத்தைத் துணைகொண்டு, அஜித் நாராயணன் குழுவினர் ஆவாஸ் என்ற பேச்சுத்துணைக் கருவியை உருவாக்கினார்கள். அது பின்னர் தமிழிலும் பேசும் செயலியானது. இருந்தும் கருவியை வாங்கிக்கொடுத்ததோடு உதவி நின்றுவிட்டால், அது சில வாரங்களில் அலமாரிக்குப் போய்விடும். வீட்டுக்கு வந்து பழக்கும் பயிற்றுநர், தாய்க்குச் சில மணி நேர ஓய்வு, இதே பாதையில் முன்னே நடந்த பெற்றோரின் பேச்சுத்துணை ஆகியவற்றுக்குத்தான் பணமும் ஆளும் இன்னும் போதவில்லை.

குடும்பத்துக்குத் துணை என்பதில், குழந்தையின் சொல்லைக் குடும்பத்திடமிருந்தும் காப்பது அடங்கும். 1990களில், உதவியாளர் கையைப் பிடித்துக்கொள்ளக் குழந்தை தட்டச்சு செய்யும் முறை ஒன்று வேகமாகப் பரவியது. குழந்தைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறொரு படமும் காட்டிச் சோதித்தபோது, உதவியாளர் பார்த்ததே எழுத்தில் வந்தது. யாரும் ஏமாற்றவில்லை; அன்பே தன்னையறியாமல் விரலை நகர்த்தியது. 2018இல் அமெரிக்கப் பேச்சு, செவிப்புலச் சங்கம் அந்த முறையை நிராகரித்தது. நல்ல துணை, குழந்தை யார் கையும் படாமல் சுட்டும் வழியைத் தேடும். பெற்றோருக்குப் பிடிக்காத பதிலுக்கும் பலகையில் இடம் வைக்கும். கோபம், வலி, யாரோ தொட்டது பிடிக்கவில்லை என்பது, சாமியிடம் என்ன கேட்க வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் கட்டங்கள் வேண்டும். சோறு, தண்ணீர், கழிப்பறை என்பதோடு ஒருவருடைய உள்ளம் முடிந்துவிடுவதில்லை.

எங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வியே பெற்றோரை இரவில் தூங்கவிடாதது. 18 வயதுக்குப் பிறகு தேவைப்படுவோருக்குப் பாதுகாவலரை நியமிக்க 1999ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட அளவில் குழுக்களை ஏற்படுத்தியது. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, பாதுகாவலர் மாற்றுத்திறனாளியோடு கலந்தே முடிவெடுக்க வேண்டிய வரம்புக்குட்பட்ட முறையைக் கொண்டுவந்தது. கலந்து முடிவெடுக்க அவருடைய விருப்பம் தெரிய வேண்டும். பெற்றோர் இருக்கும்போதே அவருடைய பலகையைப் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வெளியே உருவாகியிருந்தால்தான் அந்தச் சட்டப்பிரிவு நடைமுறைக்கு வரும்.