சட்டிகளுக்கு நடுவே இளைப்பாறுதல்

மடத்துக்குத் திராட்சை மது வாங்கிவர ஒருமுறை அவரைப் பர்கண்டிக்கு அனுப்பினார்கள். ஒரு கால் ஊனம். ஆடும் படகில் நடக்க வழியில்லை. அடுக்கியிருந்த பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் நகர்ந்தார். பேரம் பேசும் சாமர்த்தியமும் கிடையாது. இது உமது காரியம், நீரே பார்த்துக்கொள்ளும் என்று கடவுளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர், வேலையை ஒழுங்காகவே முடித்துக்கொண்டு திரும்பினார். எப்படி முடிந்ததென்று அவருக்கே விளங்கவில்லை.

அவர் பெயர் நிக்கோலா எர்மான். 1614 வாக்கில் லொரெய்ன் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காயம்பட்டார். பிறகு ஒரு பெரிய மனிதர் வீட்டில் பணியாள். கைபட்டதையெல்லாம் உடைத்துவைக்கிற பணியாள் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சிரித்திருக்கிறார். 1640இல் பாரிஸின் வோஜிரார் வீதியில் இருந்த, காலணி துறந்த கார்மேல் சபையின் மடத்தில் சேர்ந்தார். தன் அவலட்சணங்களுக்கெல்லாம் அங்கே தோலை உரிப்பார்கள் என்று எதிர்பார்த்தே போனாராம். நடந்தது வேறு. உலகம் அவரைச் சகோதரர் லாரன்ஸ் என்று அறியும்.

மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையற்கட்டு. சமையல் அவருக்குப் பிடிக்காத வேலை. பிடிக்காத அந்த வேலையைப் பதினைந்து ஆண்டுகள் செய்தார். பாத்திரங்கள் உருளும், ஆளுக்கொன்றாகக் கேட்டு நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அந்தச் சந்தடியிலும் நற்கருணைக்கு முன்னால் முழந்தாளிட்டிருக்கும்போது இருக்கிற அதே அமைதி தனக்கு இருக்கிறது என்றார். வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதையும் கடவுள் மேலுள்ள அன்புக்காகவே செய்வதாகச் சொல்வார். அது வெந்து முடிந்து வேறு வேலை இல்லையென்றால், தரையில் விழுந்து வணங்கிவிட்டு எழுந்திருப்பார். அப்போது ராஜாவைவிடத் தனக்குச் சந்தோஷம் அதிகம் என்பது அவர் கணக்கு. கால் மோசமானபின் மடத்தின் செருப்புத் தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். காலணி துறந்த சபைக்குச் செருப்புத் தைப்பவர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். பூட்ஸைத்தான் துறந்திருந்தார்கள், செருப்பு உண்டு.

1666 முதல் அவரைச் சந்தித்துப் பேசிவந்த ஜோசப் தெ போஃபோர் என்ற குரு, அந்த உரையாடல்களைக் குறித்துவைத்தார். 1691இல் லாரன்ஸ் இறந்தபின் அவை அச்சேறின. கத்தோலிக்க மடத்துச் சமையற்காரரின் பேச்சைப் புராட்டஸ்டன்டுகளும் விரும்பிப் படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள். ஆனால் பலரும் அவசரமாகத் தாண்டிப்போகும் பகுதி ஒன்று அதில் உண்டு.

மடத்தில் சேர்ந்த கையோடு அவருக்கு அமைதி வந்துவிடவில்லை. முதல் பத்து ஆண்டுகள் பெரும் வேதனை. அதில் நான்கு ஆண்டுகள், தனக்கு நரகம்தான் என்று உறுதியாக நம்பினார். யார் சொல்லியும் அந்த எண்ணம் அகலவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: மோட்சமோ நரகமோ, உயிரோடு இருக்கும்வரை கடவுளை நேசித்துவிட்டுப் போவோம், சாகும்வரை இந்தக் கலக்கம் தீராவிட்டாலும் இருக்கட்டும். அந்த நிலையில்தான் ஒரு நாள் திடீரென்று உள்ளம் மாறிப்போனதைக் கண்டார். மனச்சாந்தியைத் தேடி அலைந்தபோது வராதது, அது வந்ததா என்று பார்ப்பதை விட்டபின் வந்தது.

வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களை இயேசு அழைக்கும் மத்தேயு 11ஆம் அதிகாரத்து வசனம், தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் சுவர்களில் தவறாமல் தொங்குவது. அதற்கு அடுத்த வசனத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதாகத் தெரியவில்லை. அதில் வருவது நுகம். இளைப்பாற வந்தவன் கழுத்தில் நுகத்தை வைப்பது என்ன நியாயம் என்று கேட்டால், சமையற்கட்டில் நின்றுகொண்டிருந்த லாரன்ஸைத்தான் காட்ட வேண்டும். வேலை குறையவில்லை, கால்வலி குறையவில்லை. தன்னைத் தானே நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த பாரம்தான் இறங்கியது.

இவரோடு நிறுத்திக்கொண்டால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் விடமாட்டார்.

1731இல் பிறந்த கூப்பர் 1763இல் மனம் கலங்கி, செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் டாக்டர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். அங்கே ரோமர் நிருபத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது நம்பிக்கை பிறந்தது; சில ஆண்டுகள் நிம்மதியாகவே இருந்தார். ஓல்னி என்ற சிற்றூருக்குக் குடிவந்து, அங்கே குருவாக இருந்த ஜான் நியூட்டனோடு சேர்ந்து ஞானப்பாட்டுகள் எழுதினார். 1773இன் தொடக்கத்தில் நோய் திரும்பியது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று ஒரு கனவு சொன்னதாக நம்பினார். அந்த நம்பிக்கை 1800இல் சாகும்வரை அவரை விடவில்லை. கோயிலுக்குப் போவதும் நின்றது. முயல் வளர்த்தார், தோட்டம் போட்டார், தச்சுவேலை பார்த்தார், அருமையான கடிதங்கள் எழுதினார். லாரன்ஸுக்கு நான்கு ஆண்டுகளில் விலகிய இருட்டு இவருக்கு விலகவேயில்லை.

இவருடைய விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மனச்சாந்தியை விசுவாசத்தின் மதிப்பெண்ணாக வைத்துப் பேசும் பிரசங்கங்கள் கூப்பருக்கு முன்னால் தடுமாறும். இன்றைக்கென்றால் மனநல மருத்துவர் வேண்டும் என்போம், வேண்டியதுதான். ஆனால் அந்தக் காலத்து ஓல்னியில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். மேரி அன்வின் என்ற விதவை பல ஆண்டுகள் உடனிருந்து பராமரித்தார். கூப்பர் தனக்கில்லை என்று நினைத்த இளைப்பாறுதலின் ஒரு பங்கு, மற்றவர்களின் கை வழியாக அவரை வந்தடைந்தது. அவர் அதை அப்படி ஏற்றுக்கொண்டாரா என்பது வேறு கேள்வி.

ஓல்னிப் பாட்டுகள் 1779இல் புத்தகமாக வந்தன. நண்பரின் நீண்ட நோயினால்தான் இவ்வளவு தாமதம் என்று முன்னுரையில் நியூட்டன் எழுதினார். கோயில் வாசலை மிதிக்காதவரின் பாட்டுகள் எதற்கு என்று அவர் நினைக்கவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட கூப்பரின் பாட்டுகளை அப்படியே சேர்த்து, எவை அவருடையவை என்று தெரியும்படி ஒவ்வொன்றிலும் சி என்ற எழுத்தை அச்சிட்டார்.