ஆலோசனையும் பொறுப்பும்

கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி மனைகள் அமைத்து விற்பவன் தனக்கென ஓர் ஆலோசனைச் சபையை வைத்திருப்பதில் அறக்கேடு யாதுமில்லை. நிலம் அவனுடையது, ஆலோசனை பிழைப்பின் நட்டமும் அவனுடையதே. பிறர் வாழும் நிலத்தைப் பற்றி ஆலோசனை கூறப்படும்போதே வினா எழுகின்றது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதிய கடல்கோள் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத்தை அழித்துச் சென்றது. மறுமாதம் அரசு அமைத்த மீள்கட்டுமானச் செயலணியில் வணிகத் துறையினரே மிக்கிருந்தனர். தெற்கிற் கரையிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்குக் கிழக்கில் 200 மீற்றருக்குள்ளும் அழிந்த வீடுகளை மீளக் கட்டலாகாது என அவ்வாண்டு விதிக்கப்பட்டது. சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு இருந்தது. அலை அவற்றுக்கு மட்டும் இரக்கங் காட்டும் போலும்!

அபாயம் பொய்யன்று. ஆயின், கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக மக்கள் நெருங்கி வாழும் இவ்வூர்களில் 200 மீற்றர் என்பது வெறும் வரைபடக் கோடன்று. தோணியும் கரைவலையும் கரையிலிருக்க, மீனவன் எங்குச் சென்று குடியேறுவான்? மாற்றுக் காணியின்றிக் குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் நெடுநாள் காத்திருந்தன. விதி பின்னர்த் தளர்த்தப்பட்டது. காத்திருந்த காலத்தை எச்சபையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நல்லெண்ணத்தோடு கூறினோம் என்பது இதற்கு விடையாகாது. அலையின் உயரத்தை நிபுணன் அளக்கலாம். எவ்வளவு அபாயத்தை ஏற்று வாழ்வது என்பதை அளக்க அவனிடம் கருவியில்லை. அதனை அக்கரையில் வாழ்பவனோடு அமர்ந்தே தீர்மானித்தல் வேண்டும். பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கத் தந்தைக்கு உரிமையுண்டோ எனச் சிலர் வினவுவர். வினவத் தக்கதே. ஆயின் விடுதிக்காரனிடமும் அதனைக் கேட்டிருத்தல் வேண்டும். அவன் விருந்தினருக்கும் பிள்ளைகள் உண்டு.