அவனைக் கேட்டியா?

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்திருந்தாள். கையில் லேப்டாப், முகத்தில் முடிவு.

''அண்ணா, இவனை ஸ்கூல்லேருந்து நிறுத்திடப் போறேன். வீட்லயே ஆன்லைன்ல படிக்கட்டும். மூணு இடம் பார்த்து வெச்சிருக்கேன். எது நல்லதுன்னு நீ சொல்லு.''

அவள் பையனுக்கு 11 வயசு. பேசும்போது திக்கும். வகுப்பில் மூன்று பேர் அவனைப் போலவே பேசிக் காட்டுகிறார்களாம், தினமும். பள்ளியில் போய்ச் சொன்னதற்கு, ''பசங்கன்னா கிண்டல் பண்ணத்தான் செய்வாங்க மேடம்'' என்று பதில் வந்திருக்கிறது.

உட்கார்ந்து பார்த்தோம். மூன்றிலும் ஹெட்போன் மாட்டிய ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. பாடம் நடத்துவது நேரலையில் ஒரு வாத்தியாரா, என்றோ பதிவு செய்த வீடியோவா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? எழுதியதைத் திருத்துவது யார்? கட்டணம் மட்டும் முதல் பக்கத்திலேயே பளிச்சென்று இருந்தது. மற்றதையெல்லாம் தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

சான்றிதழ் பெரிய சிக்கல் இல்லை. 1989-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிறைந்தால், ஐந்து பாடங்கள் எடுத்துப் பத்தாவது எழுதலாம். இப்படிப் படித்தவர்கள் 'நீட்' எழுதக் கூடாது என்று 2018-இல் ஒரு விதி வந்தது. அதே வருஷம் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

''நீ ஒன்பது மணிக்கு ஆபீஸ் போயிடுவே. அவன் பக்கத்துல யாரு?''

''அம்மா இருக்காங்களே.''

அம்மாவுக்கு 76 வயது. மத்தியானம் சீரியல் உண்டு.

''சரி, அவனைக் கேட்டியா?''

''அவனை என்ன கேக்கறது? தினம் அழுதுட்டு வரான்.''

எனக்கு ஒரு நீதிபதி ஞாபகம் வந்தார். அமெரிக்காவில் ஆமிஷ் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். இன்றும் குதிரை வண்டியில் போகிறவர்கள். 'எட்டாவதோடு போதும், மிச்சத்தை வீட்டிலும் வயலிலும் கற்றுக்கொள்ளட்டும்' என்று பிள்ளைகளை நிறுத்தினார்கள். விஸ்கான்சினில் 16 வயது வரை பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும் என்று சட்டம். ஆளுக்கு 5 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972-இல் பெற்றோர்கள் ஜெயித்தார்கள். டக்ளஸ் என்ற நீதிபதி மட்டும் பாதி உடன்படவில்லை. மூன்று பிள்ளைகளில் ஒரு பெண்தான் சாட்சி சொன்னாள். மற்ற இருவருக்கு என்ன ஆசை என்று யார் கேட்டது என்றார். பியானோ வாசிக்கவோ, விண்வெளிக்குப் போகவோ ஆசைப்படலாமே என்பது அவர் கட்சி.

தங்கையிடம் சொன்னேன். ''அது மத விஷயம்ணா. இங்க என் புள்ளை நோகறான்'' என்றாள். நியாயம்தான். ஆபீஸில் ஒருத்தன் நம்மை தினமும் அப்படிச் செய்தால் நாம் போவோமா? 'அடிபட்டால்தான் உலகம் புரியும்' என்பதெல்லாம் அடிபடாதவர்கள் சொல்வது.

ஆனால், கேட்பதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. காய்ச்சலில் கிடப்பவனிடம் சாப்பாடு வேணுமா என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வான். அது ஆசையா, நோயா?

இன்னொன்றும் உறுத்தியது. பள்ளிக்கூடம் பாடத்துக்காக மட்டும் இல்லை. அப்பா, அம்மாவிடமிருந்து ஏழெட்டு மணி நேரம் தப்பிப்பதற்கும்தான். என்னை வீட்டில் எல்லோரும் மக்கு என்றபோது, 'இவன் கையெழுத்தைப் பாருங்கடா' என்று நோட்டைத் தூக்கிக் காட்டியவர் ஆறாம் வகுப்புத் தமிழய்யா. வீட்டிலேயே இருந்திருந்தால் இன்றுவரை மக்குதான். நம் பிள்ளையைப் பற்றி நாம் நினைப்பது தப்பாக இருந்தால், அதைத் திருத்த வெளி ஆள் ஒருத்தர் வேண்டும். ஹெட்போன் குழந்தைக்கு அந்த ஆள் யார்? பணம் கட்டுமுன் அதையல்லவா கேட்க வேண்டும்?

பையன் மொட்டைமாடியில் இருந்தான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

''அந்த க்ளாஸ்லயும் பே...பேசச் சொல்வாங்களா மாமா?''

''சொல்வாங்கன்னுதான் நினைக்கிறேன்.''

மறுபடி மௌனம். பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டான்:

''அவனுங்க மூணு பேரும் ஸ்கூல்ல இருக்கலாம். நா...நான் மட்டும் போகணுமா?''

கீழே வந்து தங்கையிடம் அப்படியே சொன்னேன். லேப்டாப்பை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். இலவசமாகப் பார்க்க ஏழு நாள் கொடுத்திருக்கிறார்களாம். இன்னும் நாலு நாள் பாக்கி. திங்கட்கிழமை முதலில் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்கப் போகிறாள். நானும் போகிறேன். அவனும் கூட வருகிறேன் என்கிறான்.